எது நின்றால் எத்தனை நாள்? எரிசக்திப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு எடுக்கிறேன். முப்பது வருடம் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எரிசக்திப் பாடம் என் தலையில் விழுந்தது. பிள்ளைகளை அழைத்துப் போக வரும் அப்பாக்களும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். அதில் ஒருவர் துறைமுகத்தில் படகு வைத்திருக்கிறார், ஒருவர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். உண்மையைச் சொன்னால், நல்ல கேள்விகள் கடைசி பெஞ்சில் இருந்துதான் வந்தன. ஒரே சந்தேகம் வருடா வருடம் திரும்பி வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"எரிசக்திப் பாதுகாப்புன்னா என்ன சார்? அணு உலைக்கு போலீஸ் காவல் போடுறதா?"

அது வேறு. ஒரு நாட்டுக்குத் தேவையான எரிபொருளும் மின்சாரமும், தாங்கக்கூடிய விலையில், அறுந்து போகாமல் கிடைக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. காவல் அதில் ஒரு சின்னப் பகுதி.

ஐப்பசி பிறந்ததும் நம் ஊரில் எந்த வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். இரண்டாவது சிலிண்டர் நிரம்பியிருக்கும். புயல் அறிவிப்பு வந்தால் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவோம், போனை சார்ஜில் போடுவோம், மெழுகுவத்தி இருக்கிறதா என்று இழுப்பறையைத் துழாவுவோம். எது நின்றுபோகும், நின்றால் எத்தனை நாள் தாங்கும், அதற்கு மாற்று என்ன. இந்த மூன்றையும் நாட்டுக்குக் கேட்டுப் பார்ப்பதுதான் பாடம் முழுக்க.

"நெய்வேலி நம்ம மாவட்டத்துலயே இருக்கு. அப்புறம் ஏன் நமக்கு கரண்ட் கட்?"

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரம் நேராகக் கடலூருக்கு வருவதில்லை. அது மின்தொகுப்பில், அதாவது கிரிட்டில், கலக்கிறது. அங்கிருந்து தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா என்று ஒதுக்கீட்டின்படி பிரிகிறது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குத் தனிக் கம்பி கிடையாது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவில் 11 கம்பங்கள். அதில் 9 முறிந்து கிடந்தன. மீதி இரண்டில் ஒன்று மாமரத்தின் மேல் சாய்ந்திருந்தது. நெய்வேலியில் கரியும் இருந்தது, இயந்திரமும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மின்சாரம் திரும்ப 17 நாள் ஆனது. அந்த நாட்களில் டாட்டா ஏஸில் டீசல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஒருவர் தெருத்தெருவாக வருவார். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி மோட்டார் ஓட்டி, தொட்டி நிறைந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். நாலாம் நாள் அவர் கேட்ட காசு முதல் நாளைப் போல இரண்டு மடங்கு. பஞ்சம் வந்தால் விலை என்ன ஆகும் என்பதை வகுப்பில் விளக்க எனக்கு வேறு உதாரணமே தேவைப்பட்டதில்லை.

ஆக எரிபொருள் ஒரு அடுக்கு, உற்பத்தி ஒரு அடுக்கு, கம்பி ஒரு அடுக்கு. மூன்றில் எது அறுந்தாலும் விளக்கு எரியாது. 'நம்மிடம் கரி இருக்கிறது' என்று சொல்வது முதல் அடுக்கைப் பற்றி மட்டுமே.

"நாட்டுக்கு எவ்வளவு எரிசக்தி வேணும்னு எப்படிக் கணக்கெடுப்பாங்க?"

மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான். மண்ணிலிருந்து எடுத்தது, வெளிநாட்டிலிருந்து வாங்கியது இரண்டையும் கூட்டி, விற்றதைக் கழித்து, கிடங்கில் ஏறி இறங்கியதைச் சரிசெய்தால் நாட்டுக்குக் கிடைத்த மொத்தம் வரும். அதில் மின்நிலையத்திலும் சுத்திகரிப்பு ஆலையிலும் கரைந்தது போக, வீடு, தொழிற்சாலை, வண்டி, வயல் என்று போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று பிரிப்பார்கள். எரிசக்திச் சமன்பாட்டு அட்டவணை என்று இதற்குப் பெயர்.

கரியை டன்னிலும் எரிவாயுவைக் கனமீட்டரிலும் மின்சாரத்தை யூனிட்டிலும் அளந்தால் கூட்ட முடியாது. அதனால் எல்லாவற்றையும் 'எண்ணெய்க்குச் சமமான டன்' என்ற அளவுக்கு மாற்றுவார்கள். ஒரு டன் எண்ணெய்க்குச் சமம் என்றால் 1 கோடி கிலோ கலோரி. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். கிலோவுக்குச் சுமார் 2,500 கிலோ கலோரி கிடைக்கும் என்று வைத்தால், 4 டன் எரித்தால்தான் 1 டன் எண்ணெய்க்கு ஈடு. கையில் எடுத்துப் பார்த்தால் உளுத்த மரக்கட்டை மாதிரி இருக்கும், வெயிலில் போட்டால் காய்ந்து உதிரும். அதனால்தான் தூர ஊருக்கு ஏற்றிப் போகாமல் சுரங்க வாசலிலேயே மின்நிலையம் கட்டினார்கள். 'இத்தனை கோடி டன் கரி இருக்கிறது' என்று யாராவது மார்தட்டினால், எந்தக் கரி என்று கேளுங்கள்.

"பாண்டிச்சேரில பெட்ரோல் விலை கம்மி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, கணக்கில். அங்கே வரி குறைவு. கடலூர் வண்டி பாதிக்கு மேல் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டித்தான் டேங்க்கை நிரப்பும், நானும் அப்படித்தான். அதனால் புதுச்சேரியில் விற்ற பெட்ரோலை அங்கே இருக்கும் தலைகளால் வகுத்து, 'ஆளுக்கு இவ்வளவு குடிக்கிறார்கள்' என்று எழுதினால் தப்பு. எரிபொருள் விற்ற இடமும் எரிந்த இடமும் ஒன்றல்ல. புள்ளிவிவரத்தைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

"நாம எதுக்கெல்லாம் வெளிநாட்டை நம்பி இருக்கோம்?"

கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல். எரிவாயுவில் ஏறக்குறைய பாதி. சமையல் கேஸில் 60 சதவீதம் அளவுக்கு. நிலக்கரி 2024-25இல் நாட்டுக்குள்ளேயே 100 கோடி டன் தாண்டியது. ஆனால் எஃகு ஆலைக்கான கோக்கிங் கரி பெரும்பாலும் இறக்குமதிதான். கூடங்குளத்துக்கான எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது.

கரியிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. பரங்கிப்பேட்டைப் பக்கம் உள்ள 1,200 மெகாவாட் அனல் மின்நிலையம் மாதிரி சில, கடல் வழியே வரும் கரியை நம்பிக் கட்டப்பட்டவை. வெளிநாட்டுக் கரி விலை ஏறினால், ஒப்பந்த விலைக்கு ஓட்டினால் நட்டம் என்று இப்படிப்பட்ட நிலையங்கள் ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கும். 2022 மே மாதம் மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பயன்படுத்தி, 'ஓட்டியே ஆகவேண்டும்' என்று மத்திய அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. இயந்திரம் நம் மண்ணில் இருந்தாலும் அதன் கழுத்துக் கயிறு வேறு துறைமுகத்தில் கட்டியிருக்கலாம்.

"அப்போ இறக்குமதியே இல்லாம பண்ணிட்டா பாதுகாப்புதானே?"

அப்படி நினைக்கத் தோன்றும். ஆனால் 2021 அக்டோபரில் நாட்டின் அனல் மின்நிலையங்களில் சராசரியாக 4 நாள் கரிதான் கையிருப்பில் இருந்தது. அது பெரும்பாலும் நம் சொந்தக் கரி. மழையில் சுரங்கம் நனைந்தது, தேவை திடீரென்று எகிறியது, வெளிநாட்டுக் கரி விலையும் கூடியதால் எல்லோரும் உள்நாட்டுக் கரிக்குப் பாய்ந்தார்கள். 2022 ஏப்ரலில் கரி ரேக்குகளுக்குத் தண்டவாளம் விட்டுக்கொடுக்கப் பயணிகள் ரயில்களையே ரத்து செய்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஒடிசாவின் தால்சேர் கரி ரயிலில் பாராதீப் வரை வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி வங்கக் கடல் புயலில் மாட்டினாலும் போதும்.

மறுபக்கம் ஜப்பான். எண்ணெய், எரிவாயு, கரி எல்லாமே ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். முதல் சில நாட்கள் டோக்கியோ பக்கம் சுழற்சி மின்வெட்டு இருந்தது. அப்புறம் பல நாடுகளிலிருந்து திரவ எரிவாயு வாங்கி, அலுவலகங்களில் ஏசியைக் குறைத்துச் சமாளித்தார்கள். செலவு பயங்கரமாக ஏறியது, ஆனால் நாடு நிற்கவில்லை. யாரிடம் வாங்குகிறோம், எத்தனை பேரிடம், கிடங்கில் எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில்.

"அளக்கிறதுக்கு ஏதாவது நம்பர் சொல்லுங்க சார். பரிட்சையில எழுதணும்."

எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, கையிருப்பு நாட்கள். இரண்டாவது, எத்தனை பேரிடம் வாங்குகிறோம் என்பதற்கான செறிவுக் குறியீடு: ஒவ்வொரு விற்பனையாளரின் சதவீதத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவது. ஐந்து பேரிடம் 20 சதவீதம் வீதம் வாங்கினால் 5 × 400 = 2,000. ஒருவரிடம் 80, மற்ற நால்வரிடம் 5 வீதம் என்றால் 6,400 + 100 = 6,500. எண் ஏற ஏற ஆபத்து. அந்த ஐந்து பேரின் கப்பலும் ஒரே கால்வாய் வழியாக வந்தால் இந்த எண் நம்மை ஏமாற்றும் என்பதையும் சேர்த்து எழுதினால் மதிப்பெண் கூடும்.

மூன்றாவது, 'ஒன்று போனால்' சோதனை. இருப்பதிலேயே பெரிய ஒரு கம்பியோ, குழாயோ, மின் உற்பத்தி அலகோ விழுந்தால் மீதி தாங்குமா என்று பார்ப்பது. நான்காவது, மின்சாரத்துக்கு மட்டும்: தேவையைப் பூர்த்தி செய்ய முடியாமல் போகும் நேரத்தின் வாய்ப்பு. மத்திய மின்சார ஆணையம் இதை 0.2 சதவீதத்துக்குள் வைக்கத் திட்டமிடுகிறது. வருடத்துக்கு 8,760 மணி. அதில் 0.2 சதவீதம் என்றால் சுமார் பதினேழரை மணி நேரம். இது உற்பத்தி போதாமல் போகும் நேரம். நம் தெரு டிரான்ஸ்பார்மரில் அணில் விழுந்தது இந்தக் கணக்கில் வராது.

"ஹார்முஸ் ஹார்முஸ்னு டிவில கத்துறாங்களே, அது மூடினா நமக்கு என்ன?"

ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே உள்ள நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர் அளவு, அதில் கப்பல் போகும் தடம் ஒவ்வொரு பக்கமும் 3 கிலோமீட்டர்தான். உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நாளைக்குச் சுமார் 2 கோடி பீப்பாய், சாதாரண நாட்களில் அந்தச் சந்து வழியாகப் போவது. ஈராக், குவைத் எண்ணெய்க்கும் கத்தார் எரிவாயுவுக்கும் அதுதான் வாசல். சவுதிக்குச் செங்கடல் பக்கம் ஒரு குழாயும், அமீரகத்துக்கு நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைராத் துறைமுகம் வரை ஒரு குழாயும் உண்டு. அவை முழுச் சுமையையும் தாங்காது.

2022க்கு முன் நம் எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. அடுத்த வருடமே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்தக் கப்பல்கள் ஹார்முஸ் வழியாக வருவதில்லை. அதனால் ஒரு பயம் குறைந்தது, ஒரே ஆளிடம் அதிகம் வாங்குகிறோம் என்ற வேறு பயமும் பொருளாதாரத் தடை அச்சமும் வந்து உட்கார்ந்தன.

என்னைக் கேட்டால் கச்சா எண்ணெயைவிட அடுப்பு கேஸ்தான் கவலை. நாடு வருடத்துக்கு 3 கோடி டன்னுக்கு மேல் எரிக்கிறது, நாளைக்கு 85,000 டன் அளவு. இறக்குமதி பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து வந்தே பழக்கம். பாறைக்கு அடியில் சேமிக்க விசாகப்பட்டினத்தில் 60,000 டன், மங்களூரில் 80,000 டன் குகைகள் உண்டு. இரண்டையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், இரண்டு நாளுக்குக்கூட வராது. துறைமுக டேங்க்குகளிலும் நிரப்பும் ஆலைகளிலும் இன்னும் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். விறகடுப்பை இடித்துவிட்டுத்தான் இந்தச் சிலிண்டருக்கு மாறினோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"பூமிக்கு அடியில பெட்ரோல் ஒளிச்சு வச்சிருக்காங்களாமே?"

பெட்ரோல் இல்லை, கச்சா எண்ணெய். ஒளித்தும் வைக்கவில்லை. விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம், உடுப்பிக்குப் பக்கம் பாதூரில் 25 லட்சம், மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளும் பாறைக் குகைகள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குடைந்திருப்பார்கள். சுற்றியுள்ள பாறை இடுக்கில் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் எண்ணெயை வெளியே கசிய விடாது. முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் சொந்தக் கையிருப்பையும் சேர்த்து 74 நாள் என்று அரசு கணக்குச் சொல்கிறது. ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் இன்னும் 65 லட்சம் டன்னுக்கு 2021இல் ஒப்புதல் ஆனது.

1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு 1974இல் உருவான பன்னாட்டு எரிசக்தி முகமை, தன் உறுப்பினர்கள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. நாம் 2017 முதல் இணை உறுப்பினர்தான், கட்டாயம் கிடையாது. ஏன் வைக்கவில்லை? பணம் முடங்கிக் கிடக்கும். அதற்குக் கெட்டிக்காரத்தனமான வழி, விலை விழும்போது நிரப்புவது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலகமே ஊரடங்கில் இருந்தபோது பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கிக் குகைகளை நிரப்பினார்கள். பண்ருட்டி வியாபாரிக்கு இதைச் சொன்னதும் "நாங்க முந்திரிக்குப் பண்றதுதானே சார்" என்றார்.

"கடலூர்ல ரிஃபைனரி வருது வருதுன்னு எத்தனை வருஷம்? வந்திருந்தா நமக்குப் பாதுகாப்பா இருந்திருக்குமா?"

வருடத்துக்கு 60 லட்சம் டன் கொள்ளளவில் கட்டத் தொடங்கியது அது. பாதி வேலையில் தானே புயல் அடித்து நொறுக்கியது, அப்புறம் பணச் சிக்கல், நிறுவனமே கலைப்புக்குப் போனது. கடற்கரையில் கட்டுவதாக இருந்தால் புயலையும் நிதித் திட்டத்தில் எழுத வேண்டும் என்பதற்குத் துருப்பிடித்த சாட்சி. ஆனால் ரிஃபைனரி வந்திருந்தாலும் கச்சா எண்ணெய் வெளியிலிருந்துதான் வந்திருக்கும். இந்தியாவின் சுத்திகரிப்புத் திறன் ஏற்கெனவே 25 கோடி டன்னுக்கு மேல். நம் தேவை போக டீசலும் பெட்ரோலும் ஏற்றுமதி செய்கிறோம். வேலை வாய்ப்பு வந்திருக்கும், அது வேறு கணக்கு.

"நாடு முழுக்க ஒரே கிரிட்டுன்னா ஒரு இடத்துல விழுந்தா எல்லாரும் விழ மாட்டோமா?"

விழலாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கில் அது நடந்தது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் சாய்ந்து, 60 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழும் பகுதி இருண்டது. எரிபொருள் இல்லாமல் அல்ல. சுமை தாங்காத ஒரு கம்பி கழன்றதும் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குத் தாவி, அவையும் வரிசையாகக் கழன்றன. தெற்குத் தொகுப்பு அப்போது தனியாக ஓடியது, தப்பித்தோம்.

ஆனால் அதே 2012இல் நம் ஊர் எப்படி இருந்தது? சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. வடக்கே மலிவாகக் கிடைத்த மின்சாரத்தை வாங்கிக் கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை. நம்மைக் காப்பாற்றிய அதே தனிமைதான் நம்மைப் பட்டினியும் போட்டது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தெற்கும் இணைந்தது. இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் கம்பியே இருக்கிறது.

இணைந்து வாழ்வதற்கு ஒழுங்கு தேவை. அதிர்வெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே நிற்க வேண்டும். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைத்தோமே, அப்போது தேவை சுமார் 31,000 மெகாவாட் படக்கென்று இறங்கி மறுபடி ஏறியது. அணைக்கட்டு மின்நிலையங்களைச் சட்டென்று குறைத்து, சட்டென்று கூட்டிச் சமாளித்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அன்று அகல்விளக்கு ஏற்றவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லையாம்.

"சோலார் போட்டா எல்லாம் சரியாயிடும்ல? ஆனா பேனல் சீனாவுதாமே?"

இரண்டு கேள்வி இது. சீனாவைப் பற்றி முதலில்: சோலார் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். பயப்பட வேண்டியதுதான், ஆனால் எண்ணெய் மாதிரி இல்லை. எண்ணெய்க் கப்பல் நின்றால் சில வாரத்தில் வண்டி நிற்கும். பேனல் கப்பல் நின்றால் புதிதாகப் போட முடியாது, போட்டது பாட்டுக்கு 25 வருடம் ஓடும். பால் பாக்கெட் வராமல் போவதற்கும் மாட்டுச் சந்தை நடக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, நேரம். வெயில் இறங்கும் சமயத்தில்தான் வீடுகளில் தேவை ஏறும். தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்குப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. கார்த்திகையில் நம் கடற்கரையில் மூன்று நாள் மூட்டம் போட்டால் வெயிலும் இல்லை, மேற்கே காற்றும் இல்லை. அந்த மூன்று நாளைக்கு எது என்று பதில் எழுதாத சோலார் திட்டம் பாதித் திட்டம்தான். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. அதைப் போல இன்னும் நிறைய வேண்டும், மின்கலனும் வேண்டும்.

இன்னொன்று: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நண்பர் மானியத்தில் மாடியில் 3 கிலோவாட் போட்டார். முதல் மின்வெட்டில், பட்டப்பகலில், வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டது. "ஏமாத்திட்டாங்க" என்று போன். ஏமாற்றவில்லை. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, கிரிட் நின்றதும் தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு அடிக்கும்.

"கூடங்குளம் மாதிரி இன்னும் நாலு போட்டா தீர்ந்துச்சுல்ல?"

எரிபொருள் கையிருப்பு என்று பார்த்தால் அணு மின்சாரம் அருமையானது. ஒரு முறை நிரப்பினால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும், அடுத்த சில வருடத்துக்கானதைக் கிடங்கிலேயே வைக்கலாம். கரிக்கு அது நடக்காது. ஆனால் நேரம்: கூடங்குளம் ஒப்பந்தம் 1988, கட்டுமானம் 2002, முதல் அலகின் வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31. இடையில் போராட்டங்களும் நடந்தன, அவற்றில் நியாயமான கேள்விகளும் இருந்தன. தவிர, 1,000 மெகாவாட் அலகு ஒன்று திடீரென்று நின்றால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேறு எங்கோ அதே அளவு தயாராக இருக்க வேண்டும். மேலே சொன்ன 'ஒன்று போனால்' சோதனை இங்கேதான் கடிக்கும்.

"பஞ்சம்னு வந்தா யாருக்கு முதல்ல? எங்க படகு டீசலை யாராவது கணக்குல வச்சிருக்காங்களா?"

படகுக்காரர் கேட்டது. நேர்மையான பதில்: எல்லா நாட்டிலும் வரிசை ஒன்று உண்டு, அதை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி, குடிநீர், ராணுவம், உணவு ஏற்றும் லாரி என்று போகும். 2022இல் இலங்கையில் டாலர் தீர்ந்து எரிபொருள் வாங்க முடியாமல் போனபோது வரிசையில் நின்றே உயிர்விட்டவர்கள் உண்டு. கியூஆர் குறியீட்டு அட்டை வந்து, வண்டிக்கு இவ்வளவு என்று ஆனபிறகுதான் வரிசை சுருங்கியது. அந்த அட்டையை முதல் வாரமே கொண்டுவந்திருக்கலாம். நாமும் 1991இல் அந்த ஓரம் வரை போனவர்கள்தான். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறி, அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே காணும் என்றாகி, தங்கத்தை அடகு வைத்தோம்.

படகைப் பொறுத்தவரை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது துறைமுக டீசல் தேவை விழும், ஜூன் நடுவில் ஒரே நாளில் எகிறும். இந்த மாதிரி மேடு பள்ளம் தெரிந்த ஆள் திட்டம் போடும் மேசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாநில சராசரியை எடுத்து வகுத்துவிட்டுப் போவார்கள்.

"நெய்வேலிக்கு நிலம் எடுக்கிறது நாட்டுக்காகன்னு சொல்றாங்க. எங்க வயல் போனா எங்களுக்கு எது பாதுகாப்பு?"

வளையமாதேவிப் பக்கத்துப் பையன் கேட்டான். 2023 ஜூலையில் விளைந்து நின்ற நெல்லுக்கு நடுவே இயந்திரங்களை இறக்கிக் கால்வாய் வெட்டியதை ஊரே பார்த்தது. கேள்வி கேட்டவனுக்கு நான் புத்தகப் பதில் சொல்லவில்லை. ஆனால் புத்தகமே அவன் பக்கம்தான் இருக்கிறது. எரிசக்திப் பாதுகாப்புக்கு நாலு தூண் சொல்வார்கள்: இருப்பு, எட்டும் வழி, கட்டும் விலை, மக்கள் ஏற்பு. நாலாவதை அலங்காரத்துக்கு என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

பழுப்பு நிலக்கரி மலிவு என்னும்போது எதையெல்லாம் விட்டுவிட்டு மலிவு? சுரங்கத்தில் தண்ணீர் பீறிடாமல் இருக்கக் கரிக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஆழ்குழாய் எத்தனை அடி இறங்கியது என்று கேட்டுப் பாருங்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை என்ற வாக்கும் மின்சார விலைக்குள் வரவேண்டிய செலவு. இதெல்லாம் சேர்த்த பிறகும் நெய்வேலி தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். கடலையோ ரயிலையோ நம்பாத எரிபொருள் தென்னிந்தியாவில் வேறு அதிகம் இல்லை. ஆனால் முழு விலையையும் கொடுத்துவிட்டு வெட்டட்டும். ஊர் எதிர்த்து நிற்கும் சுரங்கம் எந்த நாள் நிற்கும் என்று தெரியாத சுரங்கம்.

"ஒரு நாட்டுக்கு இருபது வருஷத் திட்டம் போடச் சொன்னா நீங்க எங்க ஆரம்பிப்பீங்க?"

கணிப்பு தப்பும் என்று எழுதி வைத்து ஆரம்பிப்பேன். 2009இல் கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடல் எரிவாயு வரத் தொடங்கியபோது அதை நம்பி எரிவாயு மின்நிலையங்கள் வரிசையாகக் கட்டினார்கள். 2010க்குப் பிறகு அந்த வாயு மளமளவென்று குறைந்தது. 14,000 மெகாவாட்டுக்கு மேல் கட்டியும் ஓட்ட வழியில்லாமல் நின்றது. மின்சாரச் சட்டம் 2003இன்படி மத்திய மின்சார ஆணையம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேசிய மின்திட்டம் போடுவதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் ஒரே எதிர்காலத்தை வரையக் கூடாது. 'தேவை வேகமாக ஏறினால்', 'எண்ணெய் இரண்டு மடங்கானால்', 'இரண்டு மழை பொய்த்தால்' என்று நாலைந்து வரைந்து, எல்லாவற்றிலும் தேறும் வேலைகளை முதலில் செய்ய வேண்டும்.

அப்படி எல்லாவற்றிலும் தேறுவது சிக்கனம், அதாவது குறைவாக எரிப்பது. உஜாலா திட்டத்தில் விற்ற 36 கோடிக்கு மேற்பட்ட எல்இடி பல்புகளுக்கு எந்த நீரிணையும் குறுக்கே நிற்கவில்லை. அடுத்து கம்பி, கிடங்கு. அப்புறம்தான் புதிய நிலையங்கள், அதுவும் ஒரே எரிபொருளில் இல்லாமல். ஒப்பந்தத்திலும் கலவை வேண்டும்: கத்தாருடன் வருடத்துக்கு 75 லட்சம் டன் எரிவாயு ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்தது போல நீண்டது கொஞ்சம், அன்றன்று சந்தையில் வாங்குவது கொஞ்சம். எல்லாம் நீண்டதாக இருந்தால் விலை விழும்போது வயிறெரியும். எல்லாம் சந்தையில் என்றால், 2022இல் ஐரோப்பா அதிக விலை கொடுத்துக் கப்பலைத் திருப்பிக்கொண்டபோது பாகிஸ்தானும் வங்கதேசமும் தவித்த மாதிரி ஆகும்.

"புதுச்சேரி மாதிரி சின்ன இடத்துக்குத் தனியா எரிசக்திப் பாதுகாப்புன்னு ஒண்ணு உண்டா?"

அங்கே சொந்தமாக இருப்பது காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று, கொஞ்சம் சோலார். மீதியெல்லாம் நெய்வேலி உட்பட வெளியிலிருந்து. மாஹேக்குக் கேரளத்துக் கம்பி, ஏனாமுக்கு ஆந்திரத்துக் கம்பி. ஒரே அரசின் நாலு துண்டுகள், ஒன்றுக்கொன்று சொந்தக் கம்பி கிடையாது. ஆகவே அதன் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் தாளிலும், வில்லியனூர், பாகூர் துணை மின்நிலையங்களுக்கு வரும் கம்பிகளிலும் இருக்கிறது. அதில் ஒன்று போனால் நகரம் தாங்குமா என்பதைத்தான் அங்கிருந்து வரும் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்வேன்.

"கடைசியா ஒண்ணு சார். வீட்டுக்கு இன்வெர்ட்டர் எத்தனை பெருசு வாங்கலாம்?"

இத்தனை சொன்னபிறகு எப்போதும் இதில்தான் வந்து முடியும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 12 வோல்ட். காகிதத்தில் 1,800 வாட்-மணி, நிஜத்தில் 1,200 கிடைத்தால் சந்தோஷம். பழைய மின்விசிறி 75 வாட். இரண்டு ஓடி, மூன்று எல்இடி எரிந்தால் 180 வாட் அளவு, ஆறரை மணி நேரம். அதே மின்விசிறிகளை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் 90 வாட்டுக்குள், பதிமூன்று மணி நேரம் தாண்டும். பேட்டரியை இரட்டிப்பாக்குவதைவிட இது மலிவு.

17 நாளுக்கு எந்த இன்வெர்ட்டரும் வராது. அதற்கு எங்கள் வீட்டில் கிணற்றுக் கப்பியும் கயிறும் இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறோம். பனையோலை விசிறி மாசிமகச் சந்தையில் கிடைக்கும்.